கருத்தடை மாத்திரை, ஊசியால் உடம்பு போடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியராகப் பல வருடம் சுற்றியிருக்கிறேன். கருத்தடை பற்றிப் பேச உட்கார்ந்தால், பின்னால் குழந்தை தங்குமா என்ற பயத்துக்கும் முன்னால் வருவது இதுதான்: "ஏனுங்க நர்ஸம்மா, இதப் போட்டா உடம்பு போட்டுருமாமுங்களே?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் பதில் மனதில் ஒட்டவில்லை என்றால் அடுத்த மாதம் மாத்திரை அட்டை வாங்க வரமாட்டார்கள். என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டபடியே கீழே தருகிறேன்.

மாலா-என் மாத்திரை போட்டால் எடை கூடுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஏறாது. துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும். அதில் 21 மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் உண்டு. மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. இந்த மாதிரிக் கலப்பு மாத்திரைகளால் எடை கூடுகிறதா என்று பார்த்த 49 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2014-இல் அலசியிருக்கிறார்கள். பெரிய எடை மாற்றம் எதுவும் தென்படவில்லை. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தவர்களோடும், எதுவும் கொடுக்காதவர்களோடும் ஒப்பிட்ட ஆய்வுகள் அதில் நான்குதான். அந்த நான்கிலும் மாத்திரைதான் எடையைக் கூட்டியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்புறம் எப்படி இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது? நெருப்பில்லாமல் புகையுமா?

இந்தப் பேச்சுக்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. 1960-இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது அதில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்றைய மாலா-என்னில் இருப்பது 30 மைக்ரோகிராம். இரண்டும் ஒரே வகை ஈஸ்ட்ரோஜன் இல்லை என்றாலும், அன்றைய மாத்திரை இன்றையதைவிடப் பல மடங்கு கடுமையானது. அதைப் போட்டவர்களுக்குக் குமட்டல், வீக்கம், உப்பல் எல்லாம் நிறையவே வந்தது. மாத்திரையின் அளவு பிறகு குறைந்துவிட்டது, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த பேச்சு மட்டும் குறையவில்லை.

எங்க நங்கையா மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வருசத்துல ஆறு கிலோ ஏறிட்டாங்க. கண்ணால பார்த்ததை எப்படி இல்லைங்கறது?

ஆறு கிலோ ஏறியது உண்மைதான். எதனால் ஏறியது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பெண் எப்போது மாத்திரையை ஆரம்பிக்கிறாள்? கல்யாணம் ஆன புதிதில், இல்லையென்றால் குழந்தை பிறந்த பிறகு. இரண்டுமே எப்படியும் உடம்பு போடும் காலம். பேறுகாலத்தில் ஏறியது முழுதாக இறங்கியிருக்காது. பால் ஊறட்டும் என்று தாய்வீட்டில் நெய் விட்டுக் கொடுத்ததெல்லாம் உடம்பில் இருக்கும். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பகலெல்லாம் நிற்கிறாள், அல்லது தையல் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்கிறாள். பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு போண்டா. நாலு மணிக்கு இன்னொரு டீ, ஒரு பஜ்ஜி. வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒன்பதரைக்கு மேல் சோறு. இத்தனைக்கும் நடுவில் இரவு ஒரு சின்ன மாத்திரை. எடை ஏறியதும் பழி அந்த மாத்திரை மேல்தான் விழும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, யாருக்கு எந்தக் கருத்தடை என்று சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2019-இல் அதன் முடிவு வெளிவந்தது, எடை பற்றிய கணக்கு அதற்குப் பிறகு வந்தது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் மூன்று மாத ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 3.5 கிலோ கூடியது. கையில் வைக்கும் ஹார்மோன் குச்சிக்காரர்களுக்கு 2.4 கிலோ. கருப்பைக்குள் காப்பர் டி வைத்தவர்களுக்கு 1.5 கிலோ. காப்பர் டியில் ஹார்மோன் துளிகூடக் கிடையாது. அதை வைத்தவர்களுக்கும் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது என்றால், அது வயசும் சாப்பாடும் வாழ்க்கையும் ஏற்றிய எடை. ஊசியின் பங்கு என்று மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு கிலோ.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பத்துப் பெண்களில் நான்கு பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பின்படி இங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் நம்பியிருப்பது ஆபரேஷனை. மாத்திரை போடுபவர்கள் மிகவும் கொஞ்சம். அத்தனை பேர் எடைக்கும் மாத்திரையைக் கைகாட்ட முடியாது.

ஆனால் முதல் மாதமே உப்பினாற்போல ஆகிவிட்டதே?

அது நீர். ஈஸ்ட்ரோஜன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும், உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். காலையில் சரியாக இருந்த மெட்டி சாயங்காலம் விரலை இறுக்கும். ஜாக்கெட்டில் கைப்பக்கம் பிடிக்கும். ஒரு பெண் என்னிடம் ஜாக்கெட்டையே எடுத்து வந்து காட்டினார். உள்பக்கம் விட்டு வைத்திருந்த மூன்று தையலில் ஒன்றைப் பிரித்து விட்டிருந்தார்; பழைய நூல் போன தடம் கோடாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் பார்த்தபோது அதே இடத்தில் மறுபடி தையல் போட்டிருந்தார். நீர் எடை பெரும்பாலும் அப்படித்தான், இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சுலபம். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் மாத்திரையே போடாதவர்களுக்கும் இந்த உப்பல் வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், அல்லது திடீரென நெஞ்சு வலி, மூச்சு முட்டல் வந்தால் அது நீர் கட்டுதல் இல்லை. ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது.

அந்தரா ஊசி எப்படி?

இங்கேதான் நான் "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல மாட்டேன். கருத்தடை முறைகளில் எடை கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளது இந்த ஊசிக்குத்தான்.

அந்தரா என்பது 150 மில்லிகிராம் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். 2017-இல் அரசுத் திட்டத்தில் வந்தது, அரசு மருத்துவமனைகளில் இலவசம். தினமும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, அட்டையை எங்கே ஒளித்து வைப்பது என்ற கவலையும் இல்லை. அதனாலேயே பலருக்குப் பிடித்த முறை. இந்த ஊசியைத் தயாரித்தவர்களே கொடுக்கும் மருந்துக் குறிப்பில், போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக முதல் வருடம் 2.5 கிலோ, இரண்டு வருடத்தில் 3.7 கிலோ, நான்கு வருடத்தில் 6.3 கிலோ கூடியதாக எழுதியிருக்கிறது.

எதனால் என்று கேட்டால், பசி கூடுவது ஒரு காரணம் என்று சொல்லலாம். இதே குடும்பத்து மருந்துகளைப் புற்றுநோயில் இளைத்துப்போனவர்களுக்குப் பசி எடுப்பதற்காகவே கொடுப்பது உண்டு. ஆனால் வருடத்துக்கு இரண்டரைக் கிலோ என்பது சாப்பாட்டுக் கணக்கில் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஐம்பது கலோரிக்குச் சற்று மேல். அதாவது குழம்பில் கூடுதலாக விழும் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய், அல்லது நாள் முழுவதும் குடிக்கும் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை. இவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் "நான் ஒன்றும் கூடச் சாப்பிடலையே" என்று பெண்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கரண்டியை யாராலும் கவனிக்க முடியாது. ஊசி போடும் நாளிலிருந்து டீயில் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எனக்கு ஏறுமா, ஏறாதா என்று முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

ஊசி போடும் முன் முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். முதல் ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடியவர்களுக்குத்தான் அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோ. சரி, முதல் ஊசி, மூன்றாம் மாதம் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அந்த மூன்றாவது ஊசிக்குக் கையை நீட்டும் முன் எடை பாருங்கள். 52.5-ஐத் தாண்டியிருந்தால் "எனக்கு வேற முறை வேணுங்க" என்று சொல்லுங்கள். தாண்டவில்லை என்றால் நிம்மதியாகத் தொடரலாம்; ஏறாதவர்களும் நிறையப் பேர், குறைந்தவர்களும் உண்டு.

இதற்கு முதல் நாள் எடை தெரிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஊசி அட்டையின் ஓரத்தில் அன்றைய எடையை நானே பேனாவால் எழுதிக் கொடுப்பேன். உங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். காலையில், வெறும் வயிற்றில், எப்போதும் ஒரே எடை மெஷினில். சந்தைக் கடைத் தராசில் ஒரு நாள், ஆஸ்பத்திரி மெஷினில் ஒரு நாள் என்று பார்த்தால் ஒரு கிலோ இரண்டு கிலோ வித்தியாசம் மெஷினாலேயே வந்துவிடும்.

ஊசியை விட்டால் பழையபடி இளைத்துவிடுமா?

தானாக முழுவதும் இறங்காது. கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு, அதை நடந்தும் சாப்பாட்டைப் பார்த்தும்தான் இறக்க வேண்டும். மருந்தின் வேகம் உடம்பை விட்டுப் போகவும் நாளாகும். கடைசி ஊசிக்குப் பிறகு கர்ப்பம் தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் போல ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த ஊசியைச் சொல்வதில்லை. எலும்பின் அடர்த்தியும் ஊசிக் காலத்தில் கொஞ்சம் குறையும், நிறுத்திய பிறகு பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். ராகிக் களியும் எள்ளும் நம் சமையலில் இருப்பது இதற்கு நல்லது.

சாயா மாத்திரை?

எடைக்குப் பயந்தவர்களிடம் நான் விரும்பிச் சொல்வது இதை. சாயாவில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டினும் இல்லை. சென்ட்குரோமன் என்ற இந்த மருந்து லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, நம் நாட்டின் சொந்தச் சரக்கு. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. குமட்டலும் எடை ஏற்றமும் இதில் தொல்லையாக இருப்பதில்லை. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். அதற்குப் பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பம் இல்லை என்றால் பயமில்லை.

காப்பர் டி, ஹார்மோன் லூப்?

காப்பர் டியால் எடையில் எதுவும் ஆகாது. ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் முதல் சில மாதம் கூடலாம். ஹார்மோன் லூப்பில் மருந்து கருப்பையின் உள்ளேயே வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகவும் கொஞ்சம். எடையைப் பொறுத்தவரை காப்பர் டி வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நீர்க்கட்டிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தாங்க. அதைப் போட்டுத்தான் குண்டானேன்.

கோபி, பெருந்துறைப் பக்கம் கல்லூரிக்குப் போகும் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓடி-யே எடையைக் கூட்டும் தன்மை உள்ளது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், சாப்பிட்டது கொழுப்பாகச் சேரும். எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் மாதவிலக்கு தவறுகிறது, தவறிய பிறகுதான் டாக்டரிடம் போகிறோம், அப்போதுதான் மாத்திரை கைக்கு வருகிறது. மாத்திரை மாதவிலக்கை ஒழுங்காக்கும், முகத்தில் முடி, பருவைக் குறைக்கும். எடையை அது குறைக்காது, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். ட்ரோஸ்பைரினோன் என்ற புரோஜெஸ்டின் உள்ள மாத்திரை நீர் கட்டுவதைக் குறைக்கக்கூடியது, உப்பல் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தைராய்டு செய்த வேலைக்கு மாத்திரை பழி சுமந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

பண்ணாரி குண்டம் இறங்க வேண்டும், தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போட்டேன். வயிறு உப்பிவிட்டது. இதுவும் கருத்தடை மாத்திரைதானே?

இல்லை. பங்குனியில் குண்டம், தையில் பழனிப் பாதயாத்திரை, வீட்டில் கல்யாணச் சீர் என்று வந்தால் மருந்துக்கடையில் இந்த மாத்திரைக்குத் தனிக் கூட்டமே வரும். இது நார்எதிஸ்டிரோன், 5 மில்லிகிராம். வழக்கமாக மாதவிலக்குக்கு மூன்று நாள் முன்பு ஆரம்பித்து நாளுக்கு மூன்று வேளை போடுவது, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். கருத்தடை மாத்திரைகளோடு பார்த்தால் இந்த அளவு மிக அதிகம். அதனால் உப்பல், மார்பு வலி, தலைவலி வருவது சகஜம், விலக்கு வந்ததும் தணிந்துவிடும். இந்த நாட்களில் இதையே கருத்தடை என்று நம்பிவிடாதீர்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் அப்படி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா போட்டார் என்று கடையில் கை நீட்டி வாங்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

ஏற்கெனவே எடை அதிகம். மாத்திரை போடலாமா?

எடை மட்டும் தடை இல்லை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 56 கிலோவைத் தாண்டினால் இந்தியக் கணக்கில் உடல் பருமன். அதோடு ரத்த அழுத்தமும் இருந்தால், அல்லது கண்ணில் மின்னல்போல வந்து பிறகு பிடிக்கும் ஒற்றைத் தலைவலி இருந்தால், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை வேண்டாம். காப்பர் டி நல்லது. ரத்த அழுத்தம் பார்க்காமல் யார் மாத்திரை கொடுத்தாலும் "பிரஷர் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

பால் கொடுக்கிறேன். எது சரி?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை மாலா-என் வேண்டாம், பால் குறையக்கூடும். காப்பர் டியைப் பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். சாயாவும் போடலாம். அந்தரா ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு.

கொள்ளு சாப்பிட்டால் சரியாகிவிடாதா?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று அம்முச்சி சொன்னது முழுக்கத் தப்பில்லை. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் அதிகம், வயிறு நிறையும், பசி தாங்கும். ஆனால் கொள்ளுப்பருப்பைக் கடைந்து, மூன்று கரண்டி சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் இளைக்காது. சோறு ஒரு கரண்டி குறைந்து, கொள்ளு ஒரு கரண்டி கூட வேண்டும். அரிசியும் பருப்பும் சாதத்துக்கும் இதுவேதான்: பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள். கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடித்து இளைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

மாமியார் வேண்டாம் என்கிறார். "உடம்பெல்லாம் கெட்டுப்போகும்" என்று வீட்டுக்காரரும் சொல்கிறார்.

மருமகள் உடம்பின் மேல் உள்ள அக்கறையில் சொல்லும் மாமியார்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டி வாருங்கள், உட்கார வைத்து இதே விவரத்தைச் சொல்கிறேன் என்பேன். வீட்டுக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: "அப்படின்னா நீங்க ஆணுறை போட்டுக்கறீங்களா?" அதில் யாருக்கும் எடை கூடாது. ஆண்களுக்கான ஆபரேஷனும் பெண்களுடையதைவிட எளிது, தழும்புகூடத் தெரியாது. ஈரோட்டுக்காரரான பெரியார் 1930 வாக்கிலேயே, கருத்தடை வேண்டும் என்பது பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதினார். அந்த ஊரைச் சுற்றி இன்னும் இந்தச் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

எடை ஏறிவிட்டது. இன்றைக்கே நிறுத்தட்டுமா?

நிறுத்துவது உங்கள் உரிமை, யாரும் திட்டக் கூடாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ கண்ணு" என்று தட்டிக்கழிப்பதும் சரியில்லை. எடை பிடிக்கவில்லை என்பதே முறையை மாற்றப் போதுமான காரணம். ஆனால் நடுவில் வெறுமையாக விடாதீர்கள்.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை நினைக்கிறேன். அட்டையில் ஒன்பது மாத்திரை போட்டிருந்தார், பத்தாவது இடத்திலிருந்து எல்லாம் அப்படியே இருந்தது. உறவுக்காரர் கல்யாணத்தில் யாரோ "என்னம்மிணி, பெருத்துப் போயிட்ட" என்று கேட்டார்களாம், அன்று இரவே நிறுத்திவிட்டார். என்னிடம் வந்தபோது பத்து வாரக் கர்ப்பம். அவர் ஏற்றுக்கொள்ளாத கர்ப்பம். கடையில் கலைக்கும் மாத்திரை வாங்கிப் போடலாமா என்று கேட்டார். அப்படித் தானாக வாங்கிப் போட்டு ரத்தப்போக்கு நிற்காமல் வந்தவர்களைப் பார்த்தவள் நான். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முறையாகச் செய்ய வைத்தோம், அதே கையோடு காப்பர் டியும் வைத்துக்கொண்டார். அன்று எடை பார்த்தோம். மாத்திரை ஆரம்பித்த நாளில் நான் எழுதிக் கொடுத்த எடையைவிட எண்ணூறு கிராம் கூட இருந்தது.

அதனால் மாலா-என்னை நிறுத்துவதென்றால் ஹார்மோன் மாத்திரை 21-ம் முடியட்டும், முடிந்த அன்றே அடுத்த முறையை ஆரம்பியுங்கள். ஊசியானால் அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே வந்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வாரம் வர முடியாவிட்டால் ஆணுறையை வாங்கி வைத்திருங்கள், துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். வரும்போது பழைய அட்டையைக் கொண்டு வாருங்கள், ஓரத்தில் எழுதிய எடை அதில்தான் இருக்கும்.